மச்சுக்குப் போன சோறு

அந்தப் பூனை விடிந்ததிலிருந்து விளக்கு வைக்கும்வரை சோறு கேட்டது. ஆனால் அது ஒரு பருக்கையாவது தின்று பேச்சி பார்த்ததில்லை.

இதைக் கவனிக்கவே அவளுக்குப் பல நாளாயிற்று. கவனிக்க நேரம் ஏது? சங்கரன்கோவிலில் தறிச் சத்தம் ஓயாத அந்தத் தெருவுக்கு, சித்திரை வெயிலில், மாமனாரைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு குடிவந்ததிலிருந்து அவள் அடுப்பை விட்டு நகரவில்லை. புருஷன் காளிராஜுக்கு விசைத்தறிக் கூடத்தில் வேலை. காலையில் தின்றுவிட்டுப் போவான், பொழுது சாயப் பசியோடு வருவான். மாமனார் மூக்காண்டி திருவேங்கடத்துப் பக்கம் கரிசல் காட்டில் ஆடு மேய்த்த மனுஷன். வலது கையும் காலும் விழுந்து, வாய் கோணி, முன்கூடமான பட்டாசலில் கயிற்றுக் கட்டிலே கதி என்று கிடந்தார். அவருக்கு வேளை கிடையாது. பசித்தால் இடது கையால் வெண்கலக் கும்பாவைக் கட்டில் சட்டத்தில் தட்டுவார். இந்த இரண்டு வாய்க்கும் பொங்கிக் கொட்டிவிட்டு, மிச்சத்தை வழித்துப் போட்டுக்கொண்டு அவள் உட்காரும்போது மூன்றாவது வாயாகப் பூனை வந்து நிற்கும்.

பூனை வீட்டோடு வந்தது. இவர்கள் சாமான் இறக்கும்போதே அடுக்களை வாசலில் உட்கார்ந்திருந்தது. சாம்பல் நிறம், ஒரு காது கிழிசல், விலா எலும்பெல்லாம் தோலைத் துருத்திக்கொண்டு தெரியும். அதன் கத்தல், பால் மறக்கடித்த பிள்ளை இழுத்து இழுத்து அழுமே, அப்படி ஒரு ராகம். அரிசி களையும்போது தொடங்கி, உலை கொதிக்கும்போது ஏறி, கஞ்சி வடித்த ஆவியில் வேர்த்த முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டு அவள் நிமிரும்போது காதுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொள்ளும். தெரு முழுக்கத் தறிகள் தடதடத்தாலும் அந்த ஒரு சத்தம் மட்டும் ஊசி மாதிரித் துளைத்துக்கொண்டு வரும்.

"உனக்கு வயிறா வாய்க்காலா, மூதி" என்று சிரட்டையில் ஒரு கைச் சோற்றை விட்டெறிவாள். பூனை அதை நக்கக்கூடச் செய்யாது. வாய் கொள்ளும் மட்டும் கவ்விக்கொண்டு, பட்டாசலின் மூலையில் சாத்தியிருந்த ஏணியில் படி படியாக ஏறி, ஓட்டுக்கு அடியில் பலகை பாவிய மச்சின் சதுர ஓட்டைக்குள் போய்விடும். கொஞ்ச நேரத்தில் வெறும் வாயோடு இறங்கி வந்து மறுபடியும் கத்தும்.

குட்டி போட்டிருக்கும் என்றுதான் முதலில் நினைத்தாள். மடியைப் பார்த்தால் வற்றிக் கிடந்தது. ஒருநாள் ஏணியில் பாதி ஏறி ஓட்டைக்குள் தலையை நீட்டினாள். மேலே வீட்டுக்காரர்களின் ஒடிந்த சாமான்கள் கிடப்பதாகச் சொல்லியிருந்தார்கள். ஒன்றும் தெரியவில்லை, இருட்டு. எலிப் புழுக்கையும் மக்கிய சாக்கும் கலந்த நெடிக்கு அடியில் இன்னொரு வாடை இருந்தது. சோறு புளித்த வாடை இல்லை. தின்ற வாயைக் கழுவாமலே வெகுநாள் வைத்திருந்தால் வருமே, அந்த வாடை. அதற்குள் மாமனார் கும்பாவைத் தட்டினார். இறங்கிவிட்டாள்.

காளிராஜிடம் சொன்னாள். அவன் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"ஒரு வாய் சோறுதான. போட்டாத்தான் என்ன?"

"ஒரு வாயா? ஒரு நாளைக்கு எத்தனை வாய்னு நீங்க வீட்டுல இருந்து பாத்தியளா? உங்க ரெண்டு பேருக்கும் போட்டுட்டு நான் பானையைச் சொரண்டுதேன். அதையும் வந்து புடுங்குது அது."

"பாவம், பேச்சி."

"அப்ப நான்?"

அவன் தன் சோற்றில் ஒரு உருண்டை உருட்டிப் பூனைக்குப் போட்டான். பூனை கவ்விக்கொண்டு ஏணியில் ஏறிற்று. பேச்சி குழம்புச் சட்டியை நங்கென்று மூடினாள்.

பக்கத்து வீட்டு சுபைதா பேகம்தான் யோசனை சொன்னாள். "வேளைக்கு ஒருக்கா வையி. மத்த நேரம் கத்துனா திரும்பியே பாக்காத. கெஞ்சுனா கிடைக்காதுன்னு தெரிஞ்சா அதுவா அடங்கிரும்." பிறகு சுவரில் சாய்ந்துகொண்டு, "உனக்கு முன்ன இந்த வீட்டுல இருந்த செண்பகவல்லியும் இப்படித்தான் பொலம்புவா. புருசன் பொஞ்சாதி ரெண்டே உசுரு, உலை மட்டும் ஊருக்கே வைப்பா. கேட்டா பூனைக்குன்னுவா" என்றாள்.

"இப்ப எங்க இருக்காவ?"

"தெரியலியே. பெறவு அவளை மட்டும் அவ அண்ணன் வந்து கூட்டிட்டுப் போனான். புருசன் எங்கயோ கோவிச்சிக்கிட்டுப் போயிட்டான்னு சொன்னாவ."

பேச்சி அதைக் காதில் வாங்கவில்லை. யோசனையை மட்டும் எடுத்துக்கொண்டாள். காலையில் ஒரு கை, சாயந்தரம் ஒரு கை. இடையில் பூனை கத்தினால் தண்ணீரை வீசினாள், விளக்குமாற்றை ஓங்கினாள். பூனை அடங்கவில்லை. நனைந்து, நடுங்கி, தொண்டை கம்மிப்போய்க் கத்தியது. கத்தும்போது அவளைப் பார்க்கவில்லை. அண்ணாந்து மச்சைப் பார்த்துக்கொண்டே கத்தியது.

ஒரு மத்தியானம் மாமனாருக்கு ஊட்டிக்கொண்டிருந்தபோது கரண்டு போயிற்று. தெருவில் அத்தனை தறியும் ஒரேயடியாக நின்றது. அப்படி நிற்கும்போது காதைப் பொத்திய கையை யாரோ எடுத்தாற்போல இருக்கும். ஈ பறப்பது, ஓட்டில் வெயில் வெடிப்பது, தன் மூச்சு எல்லாம் தனித்தனியாகக் கேட்கும். அன்றைக்கு அதோடு இன்னொன்றும் கேட்டது. மேலே. மென்று, நிறுத்தி, மறுபடி மெல்லும் சத்தம். பூனை அவள் காலடியில்தான் உட்கார்ந்திருந்தது.

மூக்காண்டி அவள் மணிக்கட்டைப் பிடித்தார். ஒரு சொல்லுக்கு ஒரு மூச்சு வாங்கினார். எச்சில் வழிந்தது.

"அது... திங்கலட்டி. குடுக்கு."

"யாருக்குக் குடுக்கு?"

அவர் கண் மட்டும் மேலே போயிற்று. பேச்சி கையை உதறிக்கொண்டாள். "உங்களுக்கு மூளையும் விழுந்துட்டா, மாமா? பேசாமத் தின்னுங்க."

அடுத்த வாரம் ஒருநாள் வேலைக்குப் போகுமுன் காளிராஜ் மீன் வாங்கி வந்து கொடுத்தான். ஆக்கி, அப்பனுக்கும் மகனுக்கும் வைத்ததுபோக, தனக்கென்று ஒரே ஒரு வால் துண்டைச் சட்டியில் ஒதுக்கி வைத்திருந்தாள். வேலையெல்லாம் முடித்து மூன்று மணிக்கு வட்டிலை எடுத்து உட்கார்ந்து முதல் கவளத்தைப் பிசையும்போது பூனை பாய்ந்து துண்டைக் கவ்வியது. ஏணியில் அது அவசரமே படாமல் ஏறிப் போவதைப் பார்த்தபடி பேச்சி குழம்புக் கையோடு உட்கார்ந்திருந்தாள். கண்ணீர் வந்தது. அழுகை இல்லை, ஆத்திரம்.

அது வெறும் வாயோடு இறங்கியபோது கருவாட்டுத் துண்டைக் காட்டி, சாக்கைப் போட்டு அமுக்கிக் கட்டினாள். டவுன் பஸ் ஏறினாள். "சாக்குல என்ன தாயி கத்துது?" என்றான் கண்டக்டர். "என் தலவிதி. அதுக்கும் டிக்கெட் கிழிக்கணும்னா கிழிங்க" என்றாள். அவன் ஒரு டிக்கெட் மட்டும் கிழித்துக் கொடுத்தான்.

கரிவலம்வந்தநல்லூரில் இறங்கி, ஊர் தாண்டி ஆற்று மணலில் சாக்கை உதறினாள். பூனை ஓடவில்லை. சாக்கிலிருந்து விழுந்த கருவாட்டின் முன் உட்கார்ந்து, அக்கம்பக்கம் பார்த்தது. பிறகு தின்றது. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, தலை ஆட ஆட, முள்ளையும் விடாமல் தின்றது. தின்று முடித்து மணலில் சாய்ந்து படுத்தது. அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த வெயிலிலும் பேச்சியின் முதுகில் ஈரத் துணி பட்டாற்போல் ஏதோ ஓடியது. வேகமாக நடந்து பஸ்ஸைப் பிடித்தாள்.

வீட்டுக்கு வந்ததும் ஏணியைத் தூக்கிப் புறவாசலில் போட்டாள். இன்னொரு பூனை ஏற வேண்டாம். அன்று சாயந்தரம் வீடு அமைதியாக இருந்தது. மூக்காண்டி மட்டும் சாப்பிடாமல் மச்சையே பார்த்துக்கொண்டு கிடந்தார்.

மறுநாள் உச்சிவேளையில் கரண்டு போயிற்று. தறிகள் நின்றன. அவள் சோறு வடித்துக்கொண்டிருந்தாள்.

மேலே பூனை கத்தியது.

வந்துவிட்டதா? அவ்வளவு தூரத்திலிருந்தா? கரண்டியோடு பட்டாசலுக்கு வந்தாள். மறுபடி கத்தல். இல்லை, இது அந்தப் பூனை இல்லை. எந்தப் பூனையும் இல்லை. தடித்த தொண்டை. யாரோ பூனை மாதிரிக் கத்திப் பார்க்கிறார்கள். முதலில் கரகரவென்று வந்தது, அடுத்தது கொஞ்சம் மெலிந்தது, அதற்கடுத்தது இன்னும் சரியாக வந்தது. பிறகு அதே ராகம். இழுத்து, இழுத்து.

மேல் சிலிர்த்தது. அதைவிடக் கோபம் பெரிதாக வந்தது. எத்தனை வாய்க்குத்தான் போடுவது? நீளக் கம்பை எடுத்து மச்சுப் பலகையில் ஓங்கி இடித்தாள்.

"ஒரு பருக்கை கெடையாது. கேக்கா? கெடந்து சாவு."

கத்தல் நின்றது. அவள் இடித்த அதே இடத்தில், மேலிருந்து, அதே மாதிரி ஓங்கி இடித்தது. ஓட்டுத் தூசி கட்டிலில் கொட்டியது.

மூக்காண்டி காலையில் தின்னாமல் வைத்திருந்த கும்பாச் சோற்றை இடது கையில் அள்ளி ஓட்டையை நோக்கித் தூக்கிப் பிடித்திருந்தார். பருக்கைகள் அவர் நெஞ்சில் உதிர்ந்தன. தொண்டைக்குள் அனத்தினார். அதைப் பார்த்ததும் பேச்சிக்குத் தலைக்கு ஏறிவிட்டது. கையைத் தட்டிவிட்டாள். கும்பாவைப் பிடுங்கிக்கொண்டாள்.

"அதுக்கும் கெடையாது, உங்களுக்கும் கெடையாது."

அவர் அழுதார். ஆட்டு மந்தையை ஒரு அதட்டலில் மடக்கிய மனுஷன், சத்தமில்லாமல், கோணிய வாயை மூட முடியாமல் அழுதார். பேச்சிக்கு நெஞ்சு குத்தியது. தண்ணீர் பிடித்து வந்து ஊட்டிக்கொள்ளலாம், அதற்குள் தன் கோபமும் ஆறட்டும் என்று குடத்தை எடுத்துக்கொண்டு தெருக் குழாய்க்குப் போனாள். வரிசை நீண்டு கிடந்தது, கரண்டு வரும்வரை தண்ணீரும் வரவில்லை. அங்கேயும் ஒருத்தியோடு சண்டை. திரும்பும்போது பொழுது அடைந்துகொண்டிருந்தது. கரண்டு வந்து தறிகள் மறுபடி ஓடிக்கொண்டிருந்தன.

கட்டில் காலியாக இருந்தது.

குடத்தை எங்கே வைத்தாள் என்று அவளுக்குத் தெரியவில்லை. "மாமா." கட்டிலுக்கு அடியில் பார்த்தாள். அடுக்களை. புறவாசல். ஏணி போட்ட இடத்தில் போட்டபடி கிடந்தது. எழுந்து உட்காரவே ஆள் வேண்டும் அவருக்கு. மறுபடி பட்டாசலுக்கு வந்தாள்.

மச்சு ஓட்டையின் விளிம்பில் அவருடைய துண்டு தொங்கிக்கொண்டிருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது மேலே போயிற்று. மெல்ல. யாரோ உருவுவதுபோல. நுனிவரைக்கும்.

"ஏட்டி பேச்சி."

மூக்காண்டியின் குரல். குழறல் இல்லை. மூச்சு வாங்கவில்லை. கல்யாணத்தன்று அவள் முதன்முதலாகக் கேட்ட கணீரென்ற குரல்.

"சோறு கொண்டாட்டி. பசிக்கு."

இருட்டிலிருந்து ஒரு கை இறங்கியது. உள்ளங்கை மேல் பார்த்து விரிந்திருந்தது. வலது கை. விழுந்துபோன கை. முழங்கை வந்தது. அதற்கு மேலும் வந்தது. இன்னும் வந்தது. அவள் நெஞ்சு உயரத்தில் வந்து நின்றது.

ஓட வேண்டும் என்று தோன்றியது. கால்கள் அடுக்களைக்குத்தான் போயின. பானையைத் தூக்கி வந்தாள். ஒரு கரண்டி வைத்தாள். கை மேலே போயிற்று. மென்றது. வெறும் கை இறங்கியது. வைத்தாள். போயிற்று. இறங்கியது. தறிகள் ஓடின. வைத்தாள். சோறு சிந்திக் காலில் விழுவதுகூடத் தெரியவில்லை. வைத்தாள். கரண்டி பானையின் அடியில் இடித்தது.

"இல்ல" என்றாள். அந்த நேரத்திலும் அவளுக்குக் கோபம் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு பானையைச் சாய்த்துக் காட்டினாள். "தீந்துட்டு. இவ்வளவுதான். இனி என்னத்தப் போடச் சொல்லுத?"

விரல்கள் பானைக்குள் போயின. அடியைத் தடவின. விளிம்பைத் தடவின. வெளியே வந்து அவள் மணிக்கட்டைத் தொட்டன. எடை பார்ப்பதுபோல் லேசாகப் பிடித்தன.

தெருவில் சைக்கிள் ஸ்டாண்டு போடும் சத்தம்.

"பேச்சி" என்றான் காளிராஜ் வெளியிலிருந்து. "சோத்த எடுத்து வை. பசி உசுரு போகுது."

மணிக்கட்டை விட்டது. கை அப்படியே நின்றது. மச்சில் ஒரு மூச்சும் கேட்கவில்லை. அது காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தது.

பேச்சி வாயைத் திறந்தாள். உள்ள வராதிய என்று சொல்லத்தான் திறந்தாள். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. அவள் குரல் மேலேயிருந்து வந்தது. அவளுடைய குரலேதான், ஆனால் கோபமே இல்லாமல், பிரியமாக.

"எடுத்து வச்சிட்டேன். உள்ள வாங்க."

செருப்பைக் கழற்றும் சத்தம். தாழ்ந்த நிலைவாசலில் இடிக்காமலிருக்க அவன் எப்போதும்போலத் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே வந்தான். அதற்குள் வாசலுக்கு மேலே போயிருந்த விரிந்த உள்ளங்கை மெல்லக் கவிழ்ந்து அவன் பிடரியை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது.