விமானக் கண்ணாடியில் ஒரு கறை

காலையில் துடைத்த கறை, இடம் மாறித் திரும்பவும் வந்திருந்தது.

பழைய போர்ப்படம் ஒன்றைக் கணினியில் சுத்தம் செய்துகொண்டிருந்தாள் அவள். இரட்டை எஞ்சின் குண்டுவீச்சு விமானம் தீப்பற்றிக் கடலில் விழும் காட்சி. விமானி அறைக் கண்ணாடியில் கறுப்பாக ஒரு கறை. "அத மட்டும் துடைச்சிடும்மா, படத்தையே கெடுக்குது" என்று சொல்லித்தான் சித்தப்பா இந்த வேலையைக் கொடுத்திருந்தார். படத்தைத் தயாரித்தவர் அவர். அதில் விமானம் ஓட்டிய அப்பா வேறொருத்தியோடு ஓடிப்போன பிறகு, அவளை வளர்த்து ஆளாக்கியவரும் அவர்தான்.

ஒலியே பதிவாகாத காட்சி அது. ஆனாலும் ஏசியின் இரைச்சலுக்கு அடியில், ஜன்னலில்லாத அந்த அறையின் சுவர்களுக்குள்ளிருந்து வருவதுபோல, யாரோ தடித்த கண்ணாடியை உள்ளங்கையால் தட்டும் சத்தம் விட்டுவிட்டுக் கேட்டது. பெட்ரோலும் கருகிய தோலும் கலந்த வாடை தொண்டையில் ஒட்டிக்கொண்டு இறங்க மறுத்தது.

படத்தைப் பெரிதாக்கினாள்.

கறை இல்லை. கை. அதற்குப் பின்னால் ஒரு முகம். அவளுடைய அதே முகவாய்.

சித்தப்பாவுக்குப் போன் போட்டாள்.

"விமானத்துக்குள்ள அப்பா இருக்காரு."

"அந்த விழற காட்சியில இருக்கிறது பொம்மை விமானம்மா."

"தட்டுறாரு சித்தப்பா. கதவு திறக்கல."

அவர் எழுந்து கதவைச் சாத்தும் சத்தம் போனில் கேட்டது.

"அண்ணன் பாதியில குதிச்சிடுவேன்னு சொன்னாரு. அவரு குதிச்சா விமானம் கேமராவுக்கு நேரா விழாது. இருந்தது ஒரே ஒரு விமானம்... நான்தான் வெளியில பூட்டினேன். எவளோடயோ ஓடிப்போயிட்டாருன்னு கதை கட்டினதும் நான்தான். அதுக்கப்புறம் உன்ன ராணி மாதிரி வளர்க்கலையா?"

"என் கையாலயே அவர அழிக்க வெச்சீங்களா?"

போனுக்குள் எஞ்சின் உறுமியது. உறுமலுக்குள் சித்தப்பாவின் அலறல்.

திரையைப் பார்த்தாள்.

அப்பாவுக்குப் பக்கத்து இருக்கையில் சித்தப்பா. இன்றைய நரைத்த தலை. காதில் போன். கண்ணாடியை அறையும் கை.

அப்பா அவரைப் பார்க்கவில்லை. இவளைப் பார்த்தார். இவள் துடைத்த இடத்தில் அவருக்குப் பாதி முகம் இல்லை. மிச்சமிருந்த பாதி சிரித்தது.

பின்னால் இன்னோர் இருக்கை. காலி. அதன் பெல்ட்டை அப்பா இவளுக்காக விரித்துப் பிடித்திருந்தார்.