ஆள் நடந்தால் எரியும் விளக்கு

வாசலூர்பட்டியில் பூபதி கட்டிய புது லாட்ஜில், ஆளில்லாத வராந்தாவின் கடைசியில் ஆறாம் விளக்கு எரிந்தது. மறுநாள் திறப்பு விழா. மணி மாலை நாலரைதான். ஆனால் ஏரிப் பக்கமிருந்து ஏறிவந்த மூடுபனி, சாக்குப்படுதா கட்டினாற்போல் சன்னல்களில் அப்பி, உள்ளே இருட்டாக்கிவிட்டிருந்தது.

பூபதியின் கஞ்சத்தனம் ஊரறிந்தது. மிளகுக் காம்புக்குக்கூட விலை கேட்டுப் பார்த்தவன். சுவிட்ச் வாங்கப் போய், காளப்பநாயக்கன்பட்டிக் கடையில் அரைநாள் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, கடைசியில் வராந்தாவுக்குச் சுவிட்சே வேண்டாமென்றானாம். டூரிஸ்ட்காரர்கள் போட்டுவிட்டு அணைக்க மறப்பார்கள். ஆள் நடந்தால் எரிந்து, போனால் அணைகிற சென்சார் போதும். அவசரத்துக்கு ஒரு சுவிட்சாவது இருக்கட்டுமென்று எலக்ட்ரீஷியன் நந்தகுமார் கெஞ்சியும் கேட்கவில்லை. இரண்டு நிமிடம் எரிய வேண்டியதை இருபது வினாடியாகக் குறைக்க வைத்தான் பாருங்கள், அங்கேதான் பூபதி நின்றான்.

"காத்துக்கு, எலைக்கெல்லாம் எரியாதுங்கண்ணா," என்றிருந்தான் நந்தகுமார். "ஒடம்புச் சூட்டோட ஒண்ணு அசையோணும்."

வராந்தா வந்த இடத்தையும் சொல்லத்தான் வேண்டும். நிலத்தை விற்ற சென்னம்மாள் வீட்டார் நடுவே ஒரு பாட்டை அகலத்தை உழுததே இல்லை. மரவள்ளிக் குச்சிகூட ஊன்றியதில்லை. கடக்கும்போது செருப்பைக் கையிலெடுத்துக்கொள்வார்கள். அது நடக்கிற வழி, விட்டுவிடு என்றாள் சென்னம்மாள். எது என்று சொல்லவில்லை. பூபதி அதன்மேல்தான் நீளவாக்கில் டைல்ஸ் பதித்தான்.

மனைவிதான் கடைசி அறையில் திரை மாட்டுகிறாள் என்று நினைத்து, வாசலோரம் முதல் விளக்கடியில் போட்ட மேசையில் உட்கார்ந்தபடியே, "கவிதா," என்று கூப்பிட்டான்.

பதில் அவன் முதுகுக்குப் பின்னால், வாசலுக்கு வெளியே இருந்த சமையல் கொட்டகையிலிருந்து வந்தது. "டீ கொதிக்குதுங்க. ஊத்திட்டு வாரேன்."

ஐந்தாம் விளக்கு எரிந்தது.

புது பெயிண்ட் நெடிக்குள், மழைக்குப் பின் கிளறிய மண்ணின் வாசனை மெல்ல நுழைந்தது. டைல்ஸில் வெறுங்கால் ஒட்டிப் பிரியும் சத்தம். ஆறாம் விளக்கு அணைந்தது. நாலு எரிந்தது. விளக்கடியில் யாருமில்லை. மூன்று.

எழுந்து ஓடலாம். கதவுக்கு ஐந்தே எட்டு வைத்தால் போதும். ஆனால் தலைக்கு மேலிருந்த முதல் விளக்கு அவனை மட்டும் வெளிச்சம் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தது. அசையாமலிருந்தால் அது அணையும். உறைந்துபோய் உட்கார்ந்தான். பதினெட்டு. பத்தொன்பது. அணைந்தது.

மூன்றாம் விளக்கும் அணைந்தது. நடந்துவந்ததும் அசையாமல் நின்றுவிட்டது.

இருட்டு. இனி முதலில் அசைகிறவர்மேல் விளக்கு எரியும்.

இரண்டாம் விளக்கு எரிந்தது. டைல்ஸில் ஈரக் கால்தடங்கள். விரல்கள் அவன் பக்கம். மறுபடி இருட்டு.

வெளியே டம்ளர் சத்தம். வராதே என்று கத்த வேண்டும். கத்தினால் உடம்பு அசையும்.

"ஏனுங்க, இருட்டுல என்ன பண்றீங்க? கதவத் தொறங்க, ரெண்டு கையிலயும் டம்ளருங்க."

பூபதி வாய் திறக்கவில்லை. மூச்சு விடவில்லை. இமைகூட அசைக்கவில்லை.

அவன் தலைக்கு மேல் விளக்கு எரிந்தது.