சனிக்கிழமை எடுத்த படம்

விழுப்புரத்தில் சவுரிராயனைத் தேடி வருகிறவர்களிடம் இருப்பது இரண்டே கேள்விதான். மாப்பிள்ளை குடிப்பானா? பெண்ணுக்கு வேறு ஆள் உண்டா? இதையே துப்பறிந்து துப்பறிந்து மனிதர் அலுத்துப் போயிருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலையிலாவது விட்டார்களா என்றால், அதுவும் இல்லை. உதவியாளர் இசைவாணி கதவைக்கூடத் தட்டாமல் ஒரு பெண்ணை உள்ளே இழுத்து வந்தாள்.

"சார், இவ பானுப்ரியா. திண்டிவனம். கல்யாணம் நிச்சயமாயிருக்கு. இப்ப நின்னுடும் போல."

பின்னாலேயே பானுவின் அத்தை மகன் செல்வகுமார் வந்தான். அவளைக் காரில் கூட்டி வந்தவன் அவன்தான். நாற்காலியை இழுக்கும்போது அவன் கால் இசைவாணியின் கால்மேல் பட்டுவிட்டது. சட்டென்று அவள் தோளைத் தொட்டுக் கண்களில் ஒற்றிக்கொண்டு உட்கார்ந்தான்.

"நேத்து என் ஃபிரண்டு அம்சாவுக்குப் பொறந்த நாளு சார்," என்றாள் பானு. "செல்வா மாமா கார்ல மூணு பேரும் புதுச்சேரில ஒரு நைட் கிளப்புக்குப் போனோம். கிளப்பா அது? தீபாவளிக்கு மொத நாள் பஸ் ஸ்டாண்டு கணக்கா இருந்துச்சு. நின்ன எடத்துல திரும்ப முடியல. உள்ள ஒரு பொண்ணு எல்லாருக்கும் கையில ஜிகினா தடவிக்கினு இருந்தா. அம்சா வேணான்னுட்டா. நான் ஆசைப்பட்டுத் தடவிக்கினு ஆடுனேன். அம்மா பாத்தா கொன்னுடும்னு, வெளிய வர்றதுக்கு முன்னாடியே நல்லாக் கழுவிட்டு முழுக்கை கோட்டு போட்டுக்கினேன்."

விடிவதற்குள் அவள் ஆடும் படம், யாருக்கும் தெரியாத புது நம்பரிலிருந்து மாப்பிள்ளையின் அப்பாவுக்குப் போயிருந்தது.

"அம்சா வேலதான் சார்," என்றான் செல்வகுமார். "நான் உள்ளயே போவல. அந்தக் கூட்டத்துல எவன் போவான்? கார்லயே படுத்துக்கினேன். தூக்கமும் இல்ல, பேஜாரு." கண்ணைக் கசக்கினான். சிவந்த இமைகள் ஜன்னல் வெயிலில் மினுமினுத்தன.

பானுவுக்கு அழுகை முட்டியது. "அம்மா பெருமுக்கல்லுக்குக் கெளம்பிடுச்சு சார், அம்சா வீட்டுக்கு. அவ நர்சிங் படிக்கிறா. நைட் டூட்டின்னு வீட்ல சொல்லிட்டு வந்தா. கிளப்புக்குப் போனது தெரிஞ்சா அவ அண்ணன் படிப்பையே நிறுத்திடுவான். அம்மாவுக்குப் போன் பண்ணேன். 'அவ இல்லன்னா வேற யாரு, சொல்லு, திரும்பிடறேன்'னுது. யாருன்னு சொல்றது?"

"கூட்டத்துல எவனாவது தெரியாதவன் எடுத்திருக்கலாமே சார்?" என்று இசைவாணி துள்ளினாள்.

"தெரியாதவனுக்கு மாப்பிள்ளையோட அப்பா நம்பர் எப்படிம்மா தெரியும்?" சவுரிராயன் கொட்டாவியை அடக்கிக்கொண்டார். "தம்பி, காலையில கண்ணாடி பாத்தியா?"

"ஏன் சார்?"

"இமை ரெண்டும் ஜொலிக்குது. அந்த ஜிகினா தண்ணிக்கு அவ்வளவு லேசுல போகாது."

செல்வகுமார் முகத்தைத் துடைத்தான். "கார்ல வரும்போது பானு மேலருந்து பட்டிருக்கும்."

"அவதான் கழுவிட்டு முழுக்கை கோட்டோட வந்தாளே. அம்சா தடவிக்கவே இல்ல. சரி, எப்படியோ பட்டுதுன்னே வச்சிக்க. மூக்குல இல்ல, கன்னத்துல இல்ல, ரெண்டு இமையில மட்டும் எப்படிப் பட்டுது? படம் எடுக்க நெருங்குனப்ப அந்த நெரிசல்ல யாரையோ மிதிச்சிருக்க. அவங்க கையில ஜிகினா. நீ வளர்ந்த வழக்கம், தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்ட. இப்ப இசைவாணிகிட்ட பண்ணியே, அதே மாதிரி. கிளப்புல கூட கால் பட்டா கும்பிடுற ஆளு நீ. நல்ல பிள்ளைதான்ப்பா, போ!"

செல்வகுமார் தலையைக் குனிந்தான். பிறகு பானுவைப் பார்க்காமலே பேசினான். "மொறப்படி எனக்குத்தான குடுத்திருக்கணும். இது நின்னா எங்கிட்டதான வருவாங்கன்னு..."

இசைவாணி வெற்றியில் கையைத் தட்டப் போனாள். சவுரிராயன் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டாள். இப்படி எத்தனை மாமன்களை, எத்தனை பங்காளிகளைப் பார்த்துவிட்டார்! ஒருநாளும் வெளியாள் இருந்ததில்லை. அவருக்கு உடம்பெல்லாம் சலித்தது.

பானு அவனைத் திட்டவில்லை. அம்மாவுக்குப் போன் போட்டாள். இசைவாணி ஸ்பீக்கரை அழுத்தினாள்.

"அம்மா, அம்சா இல்லம்மா! செல்வா மாமாதான். ஜல்தி திரும்பிடும்மா, அவங்க வீட்டுக்குப் போவாத."

 அந்தப் பக்கம் ஏதோ ஒரு பஸ் ஹாரன் கேட்டது.

"போயிட்டு வந்துட்டேன்டி," என்றாள் அம்மா. "அவ அண்ணன் முன்னாடியே எல்லாத்தையும் கொட்டிட்டேன். அவ காலேஜ் பைய அவன் தூக்கித் தெருவுல வீசிட்டான்."

"அம்சா என்ன சொன்னா?"

"நான் இல்லன்னுகூடச் சொல்லலடி. 'பானு கல்யாணம் நின்னுடுமாம்மா?'ன்னு மட்டும் கேட்டா."