குருவம்மாளின் குதிகால்

குருவம்மாள் ஷூவைக் கழற்றியதும் செல்லக்கனிக்குத் திக்கென்றது. வலது குதிகாலில் புளியங்கொட்டை அளவுக்குக் கொப்புளம் எழும்பியிருந்தது.

"காலையில இருந்தே உரசுச்சு. புது ஷூல்லா," என்றாள் குருவம்மாள்.

1988-ஆம் வருடம். ஸ்ரீவில்லிபுத்தூரில் பள்ளிகளுக்கான விளையாட்டுப் போட்டி. ராஜபாளையத்திலிருந்து வந்த ஏழாம் வகுப்புப் பெண்கள் நான்கு பேர் தொடர் ஓட்டத்தில் ஓட வேண்டும். கடைசியாக ஓடுபவள் குருவம்மாள். யாருக்காவது முடியாமல் போனால் மாற்று ஆள் செல்லக்கனி. ஓட்டத்துக்கு இன்னும் அரை மணி நேரம்தான் இருந்தது. மைதானம் முழுக்கச் சரளைக்கல். வெறுங்காலில் ஓட வழியில்லை.

குருவம்மாள் சட்டையில் குத்தியிருந்த ஊக்கை எடுத்தாள். "உடைச்சு விட்டாச் சரியாயிரும்."

செல்லக்கனி சட்டென்று அவள் கையைப் பிடித்தாள். "வேண்டாம் ஏட்டி. உடைச்சா மண்ணு பட்டுச் சீழ் வச்சிரும். எங்க அப்பா பட்டாளத்துல சேர்ந்த புதுசுல, பூட்ஸ் கடிச்சு அவியளுக்கும் இப்படித்தான் வந்துச்சாம். உடைக்காமத்தான் கட்டணுமாம்."

"டீச்சர்ட்ட மட்டும் சொல்லிராத. என்னைய நிறுத்திருவாக." குருவம்மாளின் கண்கள் கலங்கின.

குருவம்மாளை நிறுத்தினால் ஓடப்போவது செல்லக்கனிதான். இரண்டு மாதமாக அவளும் தினமும் சாயங்காலம் ஓடிப் பழகியிருக்கிறாள். இதுவரை ஒரு போட்டியில்கூட அவளுக்கு இடம் கிடைத்ததில்லை.

முதலுதவிப் பெட்டி சுடலையம்மாள் டீச்சரிடம் இருந்தது. செல்லக்கனி அவரிடம் போனாள்.

"பெட்டி வேணும் டீச்சர். குருவம்மாளுக்குக் குதிகால்ல கொப்புளம்."

டீச்சர் நிமிர்ந்து பார்த்தார். "அப்ப நீ ஓடுறியா?"

'சரி' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"கொப்புளம் இன்னும் உடையலை டீச்சர். கட்டிட்டா ஓடிருவா. என்னைவிட அவதான் வேகம்."

டீச்சர் வந்து காலைப் பார்த்தார். "உடைஞ்சிருந்தா விட்டிருக்க மாட்டேன். கட்டு, பார்ப்போம்."

செல்லக்கனி குதிகாலை நல்ல தண்ணீரில் கழுவி, ஒற்றித் துடைத்தாள். சத்திரப்பட்டியில் நெய்த பேண்டேஜ் துணியை நாலாக மடித்து, நடுவில் கத்தரியால் ஓட்டை போட்டாள். கொப்புளம் அந்த ஓட்டைக்குள் அமுங்காமல் நிற்கும்படி வைத்தாள். மேலே இன்னொரு மடிப்பு, அதன்மேல் பிளாஸ்திரி.

குருவம்மாளின் சாக்ஸ் வியர்வையில் நனைந்திருந்தது. செல்லக்கனி தன்னுடையதைக் கழற்றி நீட்டினாள். "ஈரமா இருந்தா இன்னும் உரசும். இதைப் போடு. உறுத்துதா?"

"தெரியலை," என்றாள் குருவம்மாள்.

விசில் ஊதினார்கள். மூன்றாவதாக ஓடிய பெண் தொடர் ஓட்டக் கட்டையைக் குருவம்மாளிடம் கொடுத்தபோது அவர்கள் நான்காவது இடத்தில் இருந்தார்கள். முதல் இரண்டு அணிகளுக்குத்தான் மாவட்டப் போட்டி.

செல்லக்கனி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். குருவம்மாள் நொண்டவில்லை. ஒருத்தியைத் தாண்டினாள். கோட்டுக்கு நாலடி முன்னால் இன்னொருத்தியையும் தாண்டினாள்.

இரண்டாவது இடம்.

ஓடி முடித்ததும் பேண்டேஜைப் பிரித்துப் பார்த்தார்கள். கொப்புளம் உடையாமல் அப்படியே இருந்தது.

"இனிமே புது ஷூவை வீட்டுல செத்த செத்த நேரம் போட்டுப் பழகிட்டுத்தான் ஓடுவேன்," என்றாள் குருவம்மாள்.

சாயங்காலம் ராஜபாளையம் பஸ்ஸில் ஒரே ஓர் இடம்தான் காலியாக இருந்தது.

"நீ உட்காரு."

"உனக்குத்தான கால் வலிக்கு. நீ உட்காரு."

"ரெண்டு பேருமே உட்காருங்கம்மா. வழியை விடுங்க," என்றார் கண்டக்டர்.

ஓர் ஆள் இடத்தில் இருவரும் நெருக்கி உட்கார்ந்துகொண்டு, ராஜபாளையம் வரும்வரை சிரித்துக்கொண்டே வந்தார்கள்.