பிடிபடாத கரித்துண்டு

"யாரைக் கேட்டு வெட்டுறீங்க?"

மழைக்குள்ளிருந்து வந்த குரலைக் கேட்டு செலஸ்டினின் கத்தி மரக்கிளையிலேயே நின்றது. திரும்பினாள்... நனைந்த காக்கிச் சட்டை, அதற்கு மேலே கோபப்படத் தெரியாத இரண்டு கண்கள். பாலிங் ஊர் வன இலாகா மனோகரன்.

பினாங்கு பல்கலைக்கழக மாணவி என்று படபடத்தாள். மலேசியப் பழங்குடிகளான ஓராங் அஸ்லி மக்களின் முன்னோர் வாழ்ந்த குகையில் ஆயிரக்கணக்கான வருஷத்துக் கரி கிடைத்திருக்கிறது, இன்றைய மரங்களையும் எரித்து மைக்ராஸ்கோப்பில் ஒப்பிட்டால் அன்றைய விறகு எதுவென்று தெரியும் என்றாள்.

"அதுக்கும் பெர்மிட் வேணும்லா..." கிளைகளை வாங்கிக்கொண்டு, அவள் விலாசத்தையும் எழுதிக்கொண்டு போய்விட்டான்.

எருமை என்று திட்டிக்கொண்டே தோட்டத்து வீட்டுக்கு வந்தாள். மறுநாள் பெர்மிட்டோடு, அதே கிளைகளோடு அவனே வாசலில் நின்றான். நேற்றைய கோபம் எங்கே போனது? அவளுக்கே தெரியவில்லை.

பிறகு சனிக்கிழமைதோறும் பாலிங் பஸ். குகையில் காட்டு டுரியான் பழக் கொட்டைகள் நிறைய இருந்தும், கரியில் பழமரம் ஒன்றுகூட இல்லை. மூங்கிலும் சீக்கிரம் வளரும் மரங்களும்தான். சாப்பாடு போடும் மரத்தை அடுப்பில் வைக்காமல் காட்டைக் காத்திருக்கிறார்கள் என்று இருவரும் வியந்தார்கள். ஒரு துண்டு மட்டும் எந்த மரம் என்று பிடிபடவில்லை. அதற்காக அவனோடு காடு சுற்றினாள்.

ஒருநாள் அதுவும் பிடிபட்டது. ஆனால் சனிக்கிழமை அவன் கேட்டபோது, இன்னும் தெரியவில்லை என்றாள்.

ஏன் பொய் சொன்னேன்... எனக்கு என்ன ஆச்சு?

அவனோடு சுற்றும் விஷயம் அப்பா ஜெரார்ட் காதுக்கு எட்டியது. நம்ம சர்ச் பையன் இல்லாவிட்டால் கல்யாணப் பேச்சே கிடையாது என்றார். பஸ் ஏறுவதை நிறுத்தினாள். படிப்பில் மனம் நிற்கவில்லை, ஜெபத்திலும் நிற்கவில்லை. அவனுக்கு அலோர் ஸ்டார் நகருக்கு மாற்றல் என்று கேள்விப்பட்டதும் அழுகை வந்தது. அப்போதும் காரணம் புரியாததுபோல் இருந்தாள்.

அடுத்த சனிக்கிழமை அவன் ஆபீஸ் வாசலில், குடையில்லாமல் நின்றாள்.

"அந்தக் கரி மகாங் மரம். எனக்கு எப்பவோ தெரியும்."

அவன் விழித்தான். "அப்புறமும் ஏன் காடு சுத்த வந்தீங்க?"

"நீங்க இங்க இருக்கீங்கன்னு..." தலை குனிந்தாள். "அப்பாகிட்டயும் இதைச் சொல்லிட்டேன். எங்கூட பேச மாட்டேங்கிறாரு."

மழை பெய்துகொண்டே இருந்தது. மனோகரன் உள்ளேயிருந்து குடையை எடுத்துவந்து அவள் தலைக்கு மேல் பிடித்தான்.

"மொத நாளே கிளையைக் கொடுத்துருக்கலாம். வீடு எங்கன்னு தெரிஞ்சுக்கத்தான் எடுத்துட்டுப் போனேன்... நாளைக்கு சர்ச்சுல பூசை முடிஞ்சதும் அப்பாவைப் பாக்க வர்றேன். அவரு கத்துனா நீங்க என் பக்கத்துல நிக்கணும்."

"நிப்பேன்," என்றாள்.