கங்கு நிறப் பாம்புகள்

ஃப்ரீசருக்குள்ளிருந்து சீறல் கேட்டது.

லூவான் கையிலிருந்த தண்ணீர்க் கிண்ணத்தோடு அப்படியே நின்றாள். வெளியே அரிசோனாவின் ஆகஸ்ட் வெயில் கராஜின் தகரக் கதவைக் காய்ச்சிக்கொண்டிருந்தது. உள்ளே எப்போதும் இருப்பவைதான் இருந்தன: சுவர் நெடுக அடுக்கிய பிளாஸ்டிக் பெட்டிகளில் அவள் வளர்க்கும் கோஃபர் பாம்புகள் மரச்சீவலைத் துழாவும் சரசரப்பு, எலி மூத்திரத்தின் காட்டம், பழைய ஃப்ரீசரின் உறுமல். கோஃபர் பாம்புக்கு விஷம் கிடையாது. பயந்தால் உடம்பை ஊதிக்கொண்டு, டயரில் காற்று இறங்குவதுபோல நீளமாகச் சீறும், அவ்வளவுதான். பாதி ஆயுளை அந்தச் சத்தத்தோடு கழித்தவள் அவள். ஆனால் இப்போது அது பெட்டிகளிலிருந்து வரவில்லை.

ஃப்ரீசர் மூடியைத் தூக்கினாள். சத்தம் நின்றது. தீனிக்கு வைத்த எலிப் பொட்டலங்கள். அவற்றுக்கு அடியில், பனி படர்ந்த வெண்ணெய் டப்பாக்கள். அவற்றைத் தொடாமலே மூடினாள்.

எல்லாம் நிறத்துக்காகத்தான். நெடுஞ்சாலை ஓரத்தில் பிடித்த ஒரு பெண் பாம்பின் முதுகில் லேசான செம்மை இருந்தது. அதன் மகனையே அதனோடு சேர்த்தாள். பிறந்தவற்றை ஒன்றோடொன்று சேர்த்தாள். தலைமுறைக்குத் தலைமுறை செம்மை ஏறி, கடைசியில் ஊதிவிட்ட கங்குபோல ஜொலிக்கும் பாம்புகள் பிறந்தன. கண்காட்சிகளில் அவள் மேஜையைச் சுற்றித்தான் கூட்டம். நிறத்தோடு இன்னொன்றும் சேர்ந்து வந்ததை அவள் அங்கே யாரிடமும் சொல்லவில்லை. ஒவ்வொரு முறை முட்டை பொரிக்கும்போதும் சில குட்டிகளுக்குக் கண் இல்லை. கண் இருக்கவேண்டிய இடத்தில் வழுவழுவென்று செதில் மூடியிருந்தது.

அவற்றை உயிரோடு வெண்ணெய் டப்பாவில் போட்டு ஃப்ரீசரில் வைத்துவிடுவாள். விறைத்த பிறகு, வீட்டுக்குப் பின்னாலுள்ள வறண்ட ஓடையில் ஏதாவதொரு எலி வளைக்குள் தள்ளிவிடுவாள்.

“வலிக்காதா அதுங்களுக்கு?” என்று அவள் கணவன் டெல்மர் ஒருமுறை கேட்டான்.

“தூங்கிப்போயிடும். குளிர் ஏற ஏறத் தூக்கம் தானா வந்துரும்.”

தூங்கவில்லை என்று அவளுக்குத் தெரியும். ஒருநாள் டப்பாவின் உள்ளிருந்து மூடியைச் சுரண்டும் ஓசை வெகுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தது. அன்று அவள் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டிவைத்தாள்.

இப்போது அடைகாக்கும் பெட்டியின் கண்ணாடிக்குப் பின்னால் புது முட்டைகள் கிழிந்திருந்தன. ஒவ்வொரு கிழிசலிலும் ஒரு சிவந்த தலை. இவ்வளவு அழகான நிறத்தை அவள் பார்த்ததே இல்லை. குனிந்து பார்த்தாள். முதல் தலையில் கண் இல்லை. அடுத்ததிலும் இல்லை.

டெல்மர் பின்னால் வந்து நின்று எட்டிப் பார்த்தான். “எல்லாமேவா?”

“எல்லாமே.”

“எங்க மலைக்காட்டு சித்தப்பனுங்ககூட சொந்தத்துக்குள்ள இவ்வளவு கட்டிக்கிட்டதில்ல, லூவான்.” சிரிக்கத்தான் பார்த்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் குரல் இறங்கியது. “போதும். விட்டுரு.”

“இதுங்கள ஃப்ரீசர்ல வைக்க மாட்டேன். ஓடையில விட்டுட்டு வரேன்.”

“இரு, நானும் வரேன்.”

“வேணாம். இது நான் பண்ணினது. நானே போறேன்.”

குட்டிகள் முட்டையை விட்டு முழுசாக வெளியே வரும்வரை காத்திருந்து, ஒரு மாலையில் அவற்றைப் பெட்டியோடு தூக்கிக்கொண்டு போனாள். சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கிவிட்டது. தூரத்தில் எங்கோ பெய்த மழையில் நனைந்த புதர்வாசம் காற்றில் வந்தது. சீமைக்கருவேலங்களுக்கு அடியில் மணல் இன்னும் சுட்டது. ஓடை நடுவில் பெட்டியைச் சாய்த்துத் திறந்து, நாலடி தள்ளி நின்றாள்.

குட்டிகள் வெளியே வரவில்லை. தலைகளை மட்டும் தூக்கின. அவள் இடப்பக்கம் நகர்ந்தாள். தலைகள் இடப்பக்கம் திரும்பின.

“போங்க,” என்றாள். “போயிடுங்க. மன்னிச்சிருங்க.”

அப்போது சீறல் எழுந்தது. பெட்டியிலிருந்து அல்ல. காலுக்கடியிலிருந்து. மணலுக்குள், கரையின் ஒவ்வொரு வளைக்குள்ளும், ஓடை முழுவதும் ஒரே மூச்சாக.

வளைகளிலிருந்து அவை வந்தன. செக்கச்செவேல் என்று. கங்குபோல. அவள் உள்ளே தள்ளியபோது ஒரு முழத்தைத் தாண்டாத குட்டிகள். இப்போது ஒவ்வொன்றும் மணிக்கட்டுப் பருமன். ஒன்றின் கழுத்து கோணியிருந்தது. அவளுக்கு அதைத் தெரியும். டப்பாவை மூடும்போது விளிம்பில் மாட்டிக்கொண்டது அது. கழுத்தை உள்ளே தள்ளி அழுத்தியது இதே கட்டைவிரல்தான்.

எதற்கும் கண் இல்லை.

முதலாவது அவள் பாதத்தின்மேல் ஏறியது. குளிர். அந்தச் சூட்டில், எலும்பைத் தொடும் குளிர். அடுத்தது கணுக்காலில். அடுத்தது முழங்காலில். உதற நினைத்தாள். கால் அசையவில்லை. குளிர் இடுப்புக்கு வந்தது. நெஞ்சுக்கு வந்தது. விரல்கள் விறைத்தன. இமைகூட மூடவில்லை.

தூக்கம் வரவில்லை. கொஞ்சங்கூட வரவில்லை. எல்லாமே தெரிந்தது.

“லூவான்!”

கரைமேல் டெல்மர். வீட்டுச் செருப்போடு, கையில் டார்ச்சோடு. “என்ன சிலையாட்டம் நிக்கற? சாப்பாடு ஆறுது, வா!”

வராதே என்று கத்த வாயைத் திறந்தாள். நீளமாகக் காற்றுதான் வெளியே வந்தது. சீறலாக.

அவன் சிரித்துக்கொண்டே சரிவில் இறங்கத் தொடங்கினான். செருப்பு மணலில் சரக், சரக்கென்றது.

அவள் உடம்பின்மேல், காலடியில், பெட்டிக்குள், ஓடை நெடுக, கண்ணில்லாத அத்தனை தலைகளும் ஒரே நேரத்தில் அவளை விட்டு அந்தக் காலடிச் சத்தத்தின் பக்கம் திரும்பின.