முப்பத்தோரடிப் பள்ளம்

வரைபடத்தில் முப்பத்தொன்று என்று எழுதியிருந்த இடத்தில் படகின் ஆழம் காட்டும் கருவி இருபத்தேழு காட்டியது.

நாலடி வித்தியாசம். வேறு யாராவது வரைந்த படமாக இருந்தால் போகட்டும் என்று விட்டிருப்பாள். இது அவளே வரைந்தது. நீர்வள அலுவலகத்தில் பதினெட்டு வருடமாக வரைவாளர் வேலை. இந்த ஏரிக்காக ஒரு கோடை முழுக்கப் படகில் உட்கார்ந்து, ஈயக்குண்டு கட்டிய கயிற்றை நூற்றுக்கணக்கான இடங்களில் இறக்கி அளந்திருக்கிறாள். அரையடி பிசகினாலும் மனம் ஆறாது அவளுக்கு.

"தண்ணி வத்தியிருக்கும்க்கா," என்றான் தம்பி, தூண்டிலில் கோழி ஈரலைக் கோத்தபடி.

"கரையில அளவுகோலைப் பார்த்துட்டுத்தான் ஏறினேன். ஒரு விரல்கூட இறங்கல."

"அப்ப மெஷின் பொய் சொல்லுது. பழசா வாங்கினா அப்படித்தான். ஒண்ணு நீ தப்பு, இல்ல அது தப்பு. உன்னைத் தப்புன்னு சொல்ல எனக்கு என்ன ரெண்டு உயிரா இருக்கு?"

சொல்லிவிட்டுச் சிரித்தான். மனைவி பெட்டியைத் தூக்கிக்கொண்டு போன பிறகு, ஏழு மாதத்தில் அவனிடமிருந்து வந்த முதல் சிரிப்பு. திரையை இழுத்துவிட்டு சோபாவிலேயே கிடந்தவனை வெளியே கொண்டுவர அவள் என்னென்னவோ செய்து பார்த்தாள். கடைசியில் பலித்தது இந்த வரைபடம்தான். சாப்பாட்டு மேசைமேல் விரித்து, "பகல்ல கெளுத்தி எங்க படுத்திருக்கும், சொல்லு பார்ப்போம்" என்று கேட்டாள். எழுந்து வந்துவிட்டான்.

ஏரி தேங்குவதற்கு முன் அங்கே ஆறு ஓடியது. ஆறு வளைந்த இடத்தில், வெளிப்பக்கம் தண்ணீர் குடைந்து ஒரு பள்ளம். ஆழக்கோடுகள் அங்கே சீப்பின் பற்கள்போல நெருங்கிக் கிடந்தன. கோடு நெருங்கினால் செங்குத்துச் சரிவு. வெயில் இருக்கும்வரை கெளுத்தி அடியிருட்டில் கிடக்கும். வெளிச்சம் மங்கினால் சரிவேறி மேட்டுக்கு இரை தேடி வரும். ஆகவே நாலு மணிக்கே பள்ளத்தின் மேல் நங்கூரம் போட்டுவிட வேண்டும். இவ்வளவும் அக்காவும் தம்பியுமாகப் பென்சிலால் குறித்துவைத்த திட்டம்.

திட்டம் தப்பவில்லை. முதல் தூண்டில் இறங்கி ஒரு நிமிடம் ஆகவில்லை, மீன் ஏறியது. பிறகு இன்னொன்று. பிறகு இன்னொன்று.

"அக்கா, நீ தெய்வம்!"

ஆனால் அவற்றில் ஒன்றுகூடத் திமிறவில்லை. கெளுத்தி என்றால் கையை வெட்டி இழுக்கும். இவை நூலோடு சேர்ந்து தாமாகவே மேலே வந்தன. படகின் விளிம்பில் தாடையைச் சாய்த்து, வெளுத்த மீசைகள் துடிக்க, உள்ளே ஏற இடம் கேட்பதுபோல வாயைத் திறந்து திறந்து மூடின. அப்போதுதான் அந்த வாடையும் எழுந்தது. மீன் கவிச்சி அல்ல. பல வருடம் மூடிக்கிடந்த கிணற்றைத் திறந்தால் வருமே, அந்த மாதிரி ஒரு ஈர வாடை.

கருவி இருபத்திரண்டு காட்டியது.

படகு நகர்ந்துவிட்டதோ? கரையைப் பார்த்தாள். பம்ப் அறையின் சுவரும் அதற்குப் பின்னால் நின்ற பட்டமரமும் ஒரே கோட்டில், வந்தபோது இருந்தபடியே இருந்தன. மெல்லிய பனி மட்டும் நீர்மேல் படர ஆரம்பித்திருந்தது. நங்கூரக் கயிற்றைத் தொட்டாள். விறைப்பாக இருந்த கயிறு தொளதொளத்துப் போயிருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது ஒரு வளையமாகச் சுருண்டு நீரின்மேல் மிதந்தது. பிறகு இரண்டாவது வளையம்.

நங்கூரம் கழன்றால் படகு நகரும். படகு நகரவில்லை. தரைதான் மேலே வருகிறது.

"தம்பி. கிளம்பலாம்."

"இப்பவா? இப்பத்தானேக்கா..."

"கிளம்புடா."

அவள் குரலில் இருந்தது அவனுக்கும் எட்டியிருக்க வேண்டும். மறுபேச்சுப் பேசாமல் நங்கூரத்தை இழுத்தான். கயிறு சீக்கிரமே முடிந்துவிட்டது. நங்கூரத்தில் சேறு இல்லை. துடைத்துவைத்தாற்போல் சுத்தமாக இருந்தது.

எஞ்சின் ஒரே இழுப்பில் பிடித்துக்கொண்டது. பனிக்குள் கரையை நோக்கிப் போனார்கள். மடியில் வரைபடம், எதிரே கருவி. பதினெட்டு அடி என்று அவள் எழுதியிருந்த இடத்தைக் கடந்தார்கள். கருவி ஒன்பது. இருபத்து நாலு. கருவி ஒன்பது. பன்னிரண்டு. ஒன்பது. மேடு வந்தது, பள்ளம் வந்தது, பழைய ஆற்றுத்தடம் குறுக்கே வந்தது. அந்த எண் அசையவில்லை. அவர்கள் வேகத்துக்கு ஈடுகொடுத்து, அவர்கள் திரும்பிய பக்கமெல்லாம் திரும்பி, ஒன்பதடிக்குக் கீழே அது கூடவே வந்தது.

அவள் வரைபடத்தை மடித்துவைத்தாள்.

கரை மங்கலாகத் தெரிந்தபோது எஞ்சின் முனகி நின்றது. பின்னால் எட்டிப் பார்த்தாள். எஞ்சின் விசிறியின் இறக்கைகளுக்குள் கெளுத்திகள். தாமாகவே வந்து திணித்துக்கொண்டவைபோல, ஒன்றன்மேல் ஒன்றாக.

"விடு, இழுத்துட்டே போயிடலாம். உன் படத்துல இங்க நாலடிதானே?"

"இறங்காதே."

"ஆழம் தெரியாமத்தான் காலை விடக்கூடாது. ஆழம் அளந்தவளே கூட இருக்கும்போது எனக்கென்ன?"

முன்கயிற்றைப் பிடித்துக்கொண்டு குதித்துவிட்டான். தண்ணீர் அவன் முழங்காலில் நின்றது.

"பாத்தியா, முட்டி வரைக்கும்தான். நாலடியாம்!" சிரித்தான்.

கருவியைப் பார்த்தாள். எண் இல்லை. தரை எட்டாதபோது வரும் இரண்டு சிறு கோடுகள் மட்டும் கண்சிமிட்டின.

பழக்கத்தில் கூடக் கொண்டுவந்திருந்த ஈயக்குண்டை எடுத்துப் படகின் இந்தப் பக்கம் இறக்கினாள். பத்தடி. இருபதடி. கயிறு உள்ளங்கையைச் சுட்டுக்கொண்டு ஓடியது. நாற்பதடி. கயிற்றின் முனை அவள் விரலில் வந்து இழுபட்டு நின்றது. குண்டு தரையைத் தொடவில்லை.

ஒரு கை தூரத்தில் தம்பி நின்றுகொண்டிருந்தான்.

"ஏறு," என்றாள். "தம்பி, ஏறுடா."

"வரேன்... கால் வரமாட்டேங்குதே. சேறு புடிச்சிருக்கு." குனிந்து தண்ணீருக்குள் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். நிமிர்ந்தபோது முகத்தில் சிரிப்பில்லை. "சேறு இல்லக்கா. வெதுவெதுப்பா இருக்கு."

அவனுக்கும் படகுக்கும் நடுவே தண்ணீர் அகன்றது. இரண்டு அடி. நாலு அடி. அவன் நடக்கவில்லை. அவனைச் சுற்றி ஓர் அலைகூட இல்லை. அவன் கையிலிருந்த கயிறு விறைத்தது. படகு தலையைத் திருப்பிக்கொண்டு அவன் பின்னே போகத் தொடங்கியது.

"விட்டுடாதே! இறுக்கிப் பிடி!"

அவன் அவளைப் பார்த்தான். படகைப் பார்த்தான். பிறகு விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கயிற்றை விட்டான்.

படகு நின்றது. அவள் கத்தினாள். துடுப்பை எடுத்து வலித்தாள். வலிக்க வலிக்க அவன் சிறுத்தான். பின்பக்கமாக, நிமிர்ந்து நின்றபடி, வண்டிப் படியில் நின்று போகிறவன்போல.

சற்றைக்கெல்லாம் பனி விலகியது. ஏரி முழுவதும் தெரிந்தது. பம்ப் அறைக்கும் பட்டமரத்துக்கும் நேராக, கரையிலிருந்து அரை மைல் தொலைவில், நடு ஏரியில், முப்பத்தொன்று என்று அவள் எழுதியிருந்த அதே இடத்தில், கைகளைத் தொங்கவிட்டு அவன் அவளைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தான். தண்ணீர் அவன் முழங்கால்வரைதான் இருந்தது.